உயர் கிரேடில் ஒரு பழைய வெள்ளி டாலர்: சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி, நியூ ஆர்லியன்ஸ், பீஸ் டாலர் – எதை எடுப்பது?

1884-இல் அமெரிக்காவின் நான்கு நாணயச்சாலைகள், மோர்கன் என்பவர் வடிவமைத்ததால் மோர்கன் டாலர் என்று அழைக்கப்படும் வெள்ளி டாலரை அடித்தன. பிலடெல்பியா 1.40 கோடி, நியூ ஆர்லியன்ஸ் 97.3 லட்சம், சான் பிரான்சிஸ்கோ 32 லட்சம், கார்சன் சிட்டி 11.36 லட்சம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கார்சன் சிட்டி காசுதான் இன்று கண்ணில் படாத பொருளாக இருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கார்சன் சிட்டி அடித்ததில் 9,62,638 காசுகள், அதாவது நூற்றுக்கு 85, எண்பது வருடம் கழித்தும் அரசுக் கருவூலத்தில் புழங்காமலே கிடந்தன. அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அடித்த சான் பிரான்சிஸ்கோ காசோ, எம்.எஸ். 65 என்ற உயர் கிரேடில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் ஆறு இலக்க டாலருக்குப் போகிறது.

"நல்ல கிரேடில் ஒரே ஒரு பழைய வெள்ளி டாலர் போதும், எதை வாங்கட்டும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு வகைகளுக்கு நடுவில்தான் தயங்கி நிற்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவின் 1879–1882 காசுகள், கார்சன் சிட்டியின் 1882–1884 காசுகள், நியூ ஆர்லியன்ஸின் 1883–1885, 1904 காசுகள், பிறகு மோர்கனுக்கு அடுத்து வந்த பீஸ் டாலரில் பிலடெல்பியாவின் 1922–1925 காசுகள். நான்குமே கிடைக்கக்கூடியவை. ஆனால் நான்கும் பிழைத்து வந்த வழி வேறு வேறு. விலையும் குறையும் அந்த வழியைப் பொறுத்தே அமைகின்றன.

## எதை வைத்து அளப்பது

கிரேடு என்று சொல்வது 1 முதல் 70 வரையுள்ள ஷெல்டன் அளவுகோலை. 60-உம் அதற்கு மேலும் எல்லாம் புழங்காத காசு, அதற்குத்தான் எம்.எஸ். என்ற முன்னெழுத்து. புழங்காத காசிலும் 60-க்கும் 67-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. அதைத் தீர்மானிப்பவை இவை.

அச்சு எவ்வளவு முழுசாக விழுந்தது. மோர்கன் டாலரில் ஒருபக்கம் லிபர்ட்டியின் (சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவம்) காதுக்கு மேலுள்ள முடி, மறுபக்கம் கழுகின் மார்பு. இரண்டும் காசின் நடுவில், ஏறக்குறைய எதிரெதிரே, இரண்டு அச்சிலும் ஆழமான இடத்தில் இருக்கின்றன. அடிக்கும்போது வெள்ளி கடைசியாகப் போய் நிரம்ப வேண்டிய இடம் அதுதான். அச்சுகளைச் சற்று விலக்கி வைத்து அடித்தால் அச்சு சீக்கிரம் உடையாது. ஆனால் முடி மழுங்கி, கழுகின் மார்பு இறகில்லாமல் வழவழவென்று நிற்கும். இது தேய்மானம் இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் தேய்மானம் என்று நினைத்து ஒதுக்குவதும் உண்டு. உண்மையான தேய்மானத்தை அச்சுக் குறை என்று நம்பி வாங்கிவிடுவதும் உண்டு. சோதனை எளிது: மழுங்கிய இடத்திலும் மினுக்கு இருந்தால் அச்சுக் குறை, அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்து நிறம் மாறியிருந்தால் தேய்மானம்.

மூட்டைத் தழும்பு. வெள்ளி டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பையில் கட்டப்பட்டன. ஒரு காசு 26.73 கிராம், ஒரு மூட்டை கிட்டத்தட்ட 27 கிலோ. அரிசி மூட்டை இறக்குவதுபோல்தான் அவற்றையும் இறக்கினார்கள். ஒரு காசின் விளிம்பிலுள்ள வரிகள் இன்னொன்றின் கன்னத்தில் குத்தும். மோர்கன் லிபர்ட்டியின் கன்னம் அகலமான வெற்றிடம், அதனால் கிரேடு போடுபவரின் கண் முதலில் போவதே அங்குதான். முடிக்குள் நான்கு தழும்பு ஒளிந்துகொள்ளும். கன்னத்தில் ஒன்று விழுந்தாலே 66 ஆக வேண்டிய காசு 64-இல் நின்றுவிடும்.

மினுக்கு. காசைச் சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரம்போல் சுழல வேண்டும். வெள்ளி அச்சுக்குள் ஓடியபோது பதிந்த நுண்ணிய வரிகளால் வருவது இது. ஒருமுறை ரசாயனத்தில் கூடுதல் நேரம் முக்கி எடுத்தாலும் இந்த வரிகள் கரைந்துவிடும், திரும்ப வராது.

இருப்பு, அதாவது மூட்டை எங்கே தூங்கியது. மற்ற மூன்றுக்கும் அடியில் இருப்பது இதுதான். 1878-இன் பிளாண்ட்–அலிசன் சட்டம் மாதம் 20 முதல் 40 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கி நாணயம் அடித்தே ஆக வேண்டும் என்று கருவூலத்தைக் கட்டாயப்படுத்தியது. மக்கள் கேட்காத காசு; அடித்து அடித்து நிலவறையில் அடுக்கினார்கள். பிறகு 1918-இல் பிட்மன் சட்டம் வந்தது. முதல் உலகப்போர் நேரத்தில் இந்தியாவில் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்கத் தொடங்க, பிரிட்டிஷ் அரசிடம் வெள்ளி போதவில்லை. அமெரிக்கா 27,02,32,722 டாலர் காசுகளை உருக்கியது, அதில் 25.9 கோடிக் காசுகளின் வெள்ளி இந்தியாவுக்காகப் போனது. நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் சிலவற்றில் மோர்கன் டாலர் கரைந்திருக்கலாம். எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலைக் காசு எவ்வளவு உருகியது என்று அன்று யாரும் தனித்தனியாகக் கணக்கு எழுதி வைக்கவில்லை. அதனால்தான் அடித்த எண்ணிக்கைப் பட்டியலை வைத்து அரிதா இல்லையா என்று முடிவுகட்ட முடியாது.

விற்கும்போது என்ன ஆகும். ஒரு கிரேடு தவறினால் எவ்வளவு பணம் போகும், அடுத்தவர் எவ்வளவு வேகமாக வாங்குவார் என்பது.

## சான் பிரான்சிஸ்கோ, 1879–1882

பின்பக்கம் மலர்வளையத்துக்குக் கீழே எஸ் எழுத்து. 1879-இல் 91.1 லட்சம், 1880-இல் 89 லட்சம், 1881-இல் 1.276 கோடி, 1882-இல் 92.5 லட்சம். நாணயச்சாலையும் ஆட்களும் அச்சும் நன்றாக இருந்த காலம். முடி இழை இழையாக, கழுகின் மார்பு இறகோடு, வயல், அதாவது உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றுப் பரப்பு, கண்ணாடிபோல். பெருவாரியானவை நிலவறையிலேயே தங்கி, 20-ஆம் நூற்றாண்டில் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. உயர் கிரேடில் ஒரு மோர்கன் டாலர் எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணைப் பழக்க இதைவிட நல்ல காசு இல்லை.

இதன் பலம் எம்.எஸ். 66 தாராளமாகக் கிடைப்பது. 67 கூட அடிக்கடி வரும். மற்ற நாணயச்சாலைகளில் 65-க்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே ஒரு படி மேலே போகலாம்.

மறைந்த செலவு இரண்டு. முதலாவது, 66-இலிருந்து 67-க்கு விலை ஏறக்குறைய இரு மடங்காகும். 68-க்கு அதற்கும் மேல் பல மடங்கு. அந்த ஒரு படி இரண்டு பேருடைய கண்ணுக்கு நடுவிலுள்ள வித்தியாசம்தான். நாளை மறு கிரேடுக்கு அனுப்பினால் 66 பிளஸ் என்று திரும்பலாம். இரண்டாவது, கண்ணாடிப் பரப்புள்ள காசுக்குத் தனி விலை. பி.எல். (புரூப்லைக்), டி.எம்.பி.எல். (டீப் மிரர் புரூப்லைக்) என்று ஸ்லாப்பில், அதாவது கிரேடு நிறுவனம் காசை மூடித்தரும் பிளாஸ்டிக் உறையில், எழுதியிருக்கும். டி.எம்.பி.எல். என்றால் சில அங்குல தூரத்திலுள்ள எழுத்தும் வயலில் தெளிவாகப் பிரதிபலிக்க வேண்டும். அழகுதான், ஆனால் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொரு தழும்பையும் பெரிதாக்கிக் காட்டும். 64 டி.எம்.பி.எல். ஒன்று, சாதாரண 66-க்குப் பக்கத்தில் வைத்தால் அடிபட்டதுபோல் தெரியும். படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாற்றமடைவது பெரும்பாலும் இங்கேதான்.

இருப்பு ஏற்கெனவே சந்தையில் கலந்துவிட்டதால் திடீரென்று மூட்டை வந்து விலை சரியும் பயம் குறைவு. அதே காரணத்தால் திடீர் ஏற்றத்தையும் எதிர்பார்க்கக் கூடாது. முதல் காசு வாங்குபவருக்கும், ஒன்றே ஒன்று போதும் என்பவருக்கும் இதுதான் சரி: 1880 அல்லது 1881 எஸ், எம்.எஸ். 66, சுத்தமான கன்னத்தோடு.

## கார்சன் சிட்டி, 1882–1884

நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பக்கத்திலேயே 1870-இல் திறந்த சிறிய நாணயச்சாலை. சிசி எழுத்துக்குப் பின்னால் 'மேற்கத்திய' மவுசு எப்போதும் உண்டு. 1964 மார்ச்சில் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதை நிறுத்தியபோது மிஞ்சிய சுமார் 30 லட்சம் காசுகளில் பெரும்பகுதி கார்சன் சிட்டியுடையது. அதை ஜி.எஸ்.ஏ. என்ற அரசு நிறுவனம் 1972 முதல் 1974 வரையிலும், மறுபடி 1980-இலும் தபால் வழியாக விற்றது. 1882, 1883, 1884 சிசி காசுகளின் தொடக்க விலை அன்று 30 டாலர்.

| ஆண்டு | அடித்தது | ஜி.எஸ்.ஏ. விற்பனையில் இருந்தது |
|---|---|---|
| 1882 சிசி | 11,33,000 | 6,05,029 |
| 1883 சிசி | 12,04,000 | 7,55,518 |
| 1884 சிசி | 11,36,000 | 9,62,638 |
| 1885 சிசி | 2,28,000 | 1,48,285 |
| 1889 சிசி | 3,50,000 | 1 |

கடைசி வரியைப் பாருங்கள். 1885-ஐவிட 1889-இல் அதிகம் அடித்தார்கள். மிஞ்சியது ஒன்று. 1889 சிசி புழங்காத நிலையில் பெரும்பணம் கேட்பதற்குக் காரணம் அந்த ஒன்றுதான்.

அச்சு பொதுவாக நன்றாகவே விழுந்திருக்கும், மினுக்கும் குறைவில்லை. குறை தழும்பில். இந்த மூட்டைகள் ஊர்விட்டு ஊர் போயின, எண்ணப்பட்டன, மறுபடி கட்டப்பட்டன. அதனால் பெரும்பாலானவை 62-க்கும் 64-க்கும் இடையில் விழுகின்றன. 65 தேடினால் கிடைக்கும். 66-க்குப் பொறுமை வேண்டும்.

ஜி.எஸ்.ஏ.வின் பிளாஸ்டிக் டப்பாவோடு வாங்குவதா, சாதாரண ஸ்லாப்பில் வாங்குவதா என்பது அடுத்த கேள்வி. டப்பாவுக்கென்றே கூடுதல் விலை உண்டு. அதில் எழுதியிருக்கும் 'புழங்காதது' என்ற சொல் கிரேடு இல்லை. உள்ளே 60-உம் இருக்கலாம், 66-உம் இருக்கலாம். விற்பவர் டப்பாவில் உள்ளதை 65 என்றால் அது அவருடைய கருத்து மட்டும்தான். டப்பாவைப் பிரித்துக் காசை மாற்றி மறுபடி மூட முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். என்ற கிரேடு நிறுவனங்கள் இரண்டும் டப்பாவைத் திறக்காமலே கிரேடு போட்டுத் தருகின்றன. கிரேடு போட்ட ஜி.எஸ்.ஏ. டப்பா என்பதுதான் இங்கே நிம்மதியான வழி. கிரேடு போடாத டப்பா வாங்கினால் 63-இன் விலைக்குமேல் தராதீர்கள். அட்டைப்பெட்டியும் சான்று அட்டையும் இல்லையென்றால் இன்னும் பேரம் பேசலாம்.

கதையோடு சேர்ந்த காசு வேண்டும், கிரேடு ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை என்பவருக்கு இது. வெள்ளிக்குக் கொடுக்கும் விலை என்று கணக்குப் பார்ப்பவருக்கு இல்லை. சிசி எழுத்துக்கே பாதிப் பணம் போகிறது.

## நியூ ஆர்லியன்ஸ், 1883–1885, 1904

ஓ எழுத்து. விலை குறைவு, எண்ணிக்கை அதிகம், ஆனால் நான்கு வகைகளில் கண் அதிகம் வேலை செய்ய வேண்டியது இங்கேதான். அச்சை விலக்கி அடிக்கும் பழக்கம் இந்த நாணயச்சாலைக் காசுகளில் திரும்பத் திரும்பத் தெரியும். காதுக்கு மேல் முடி இல்லை, கழுகுக்கு மார்பு இறகு இல்லை, மினுக்கு சற்றே சோர்ந்திருக்கும். கிரேடு நிறுவனங்கள் அச்சுக் குறையைவிடத் தழும்பையே கடுமையாகக் கணக்கிடுவதால், மழுங்கிய முடியோடும் எம்.எஸ். 65 என்ற எண் ஸ்லாப்பில் ஏறிவிடும். எண்ணை நம்பி வாங்கினால் சான் பிரான்சிஸ்கோ 64-க்குப் பக்கத்தில் இந்த 65 தோற்றுப்போகும்.

ஆகவே இங்கே முறை வேறு. 65 தேடாமல், முழு அச்சு விழுந்த 64 தேடுங்கள். பத்துக் காசு பார்த்தால் ஒன்றிரண்டு தேறும்.

இந்த நாணயச்சாலையின் 1903 காசு எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய எச்சரிக்கை. 1962 வரை புழங்காத 1903 ஓ விலைப்பட்டியலில் 1,500 டாலர். அந்த ஆண்டு நவம்பரில், கிறிஸ்துமஸ் தேவைக்காகப் பிலடெல்பியாவில் 1929 முதல் பூட்டிக்கிடந்த நிலவறையைத் திறந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் மூட்டைகள் வரிசையாக வந்தன. 1903-உம், அதுவரை அருமையாகக் கருதப்பட்ட 1898, 1904-உம் உட்பட. சில வாரங்களில் 1903 ஓவின் விலை ஐம்பதில் ஒரு பங்குக்கு இறங்கியது. அரசு நிலவறைகள் இப்போது காலி. ஆனாலும் தனியார் இருப்பு வெளியே வருவது நின்றுவிடவில்லை: நெவாடாவின் ரீனோ நகரில் லாவேர் ரெட்பீல்டு என்பவர் சேர்த்து வைத்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட டாலர்கள் அவர் இறந்தபின் 1976-இல் 73 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. அவற்றில் சில, எண்ணும் இயந்திரத்தின் சக்கரம் உரசியே பாழானவை. கன்னத்தில் இணைகோடுகளாக ஒரு பட்டைக் கீறல் தெரிந்தால் அந்த மாதிரி இயந்திரத் தடம் என்று சந்தேகியுங்கள். ஸ்லாப்பில் இருந்தாலும் விற்கும்போது வாங்குபவர் முகம் சுளிப்பார்.

குறைந்த பணத்தில் புழங்காத மோர்கன் வேண்டும், நேரில் பார்த்துப் பொறுக்க வசதி உண்டு என்றால் எடுக்கலாம். ஆன்லைனில் ஒரே படத்தைப் பார்த்து வாங்குவதற்கு நான்கில் மோசமான தேர்வு இதுவே.

## பீஸ் டாலர், 1922–1925

பிட்மன் சட்டப்படி உருக்கியதை ஈடுசெய்ய 1921-இல் மறுபடி டாலர் அடித்தார்கள். முதலில் பழைய மோர்கன், பிறகு டிசம்பரில் அந்தோனி டி பிரான்சிஸ்கி வடித்த பீஸ் டாலர். 1921-இன் 10,06,473 காசுகள் புடைப்பு உயர்ந்தவை. அச்சு தாங்காமல் 1922-இல் புடைப்பைக் குறைத்தார்கள். அதன்பிறகு பிலடெல்பியா மட்டும் 1922-இல் 5.17 கோடி, 1923-இல் 3.08 கோடி அடித்தது.

புடைப்பு தாழ்ந்ததும் தழும்பை மறைக்க இடமில்லாமல் போனது. முகமும் கழுத்தும் வயலும் மழமழவென்று திறந்து கிடக்கின்றன. அதனால் 65 வரை எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும்; 66-க்கு விலை ஏறும்; 67 என்றால் செங்குத்து. மோர்கன் எஸ் காசில் 67-க்குத் தரும் பணத்தை இங்கே கொண்டுவந்தால் 66-உடன் திரும்ப வேண்டியிருக்கும். நான்கு ஆண்டுகளில் அச்சும் மினுக்கும் நன்றாக இருப்பது 1925. சான் பிரான்சிஸ்கோவில் அடித்த பீஸ் டாலர்களை, குறிப்பாக 1925, 1928 எஸ் காசுகளை, உயர் கிரேடில் தேட வேண்டாம்; அச்சும் மழுங்கல், தழும்பும் அதிகம், விலையும் அதிகம்.

முழுத் தொகுப்பும் சேர்க்க ஆசையுள்ளவருக்குப் பீஸ் டாலர் நல்ல வழி. மொத்தம் 24 காசுகளில் தொகுப்பு முடிந்துவிடும். மோர்கனில் நூறைத் தொடும்.

## ஒரே பார்வையில்

| | எஸ் 1879–82 | சிசி 1882–84 | ஓ 1883–85, 1904 | பீஸ் 1922–25 |
|---|---|---|---|---|
| அச்சு | மிக நன்று | நன்று | பெரும்பாலும் மழுங்கல் | சுமார். 1925 நன்று |
| தழும்பு | குறைவாகக் கிடைக்கும் | அதிகம் | நடுத்தரம் | மறைய இடமில்லை |
| தேட வேண்டிய கிரேடு | 66 | 64 அல்லது 65 | முழு அச்சு 64 | 65 |
| கூடுதல் பணம் போகும் இடம் | 67, டி.எம்.பி.எல். | சிசி எழுத்து, டப்பா | பொறுக்கும் நேரம் | 66-க்கு மேல் |
| யாருக்கு | முதல் காசு வாங்குபவர் | வரலாறு வேண்டுபவர் | நேரில் பார்ப்பவர் | தொகுப்பு சேர்ப்பவர் |

## ஐந்தாவதாக ஒரு பொறி

இந்தப் பட்டியலில் இல்லாத காசுகளைக் காட்டி "இது கிரேடு அரிது" என்று யாராவது விற்க வந்தால் நிதானிக்க வேண்டும். 1886 ஓ 1.07 கோடி அடித்தது. 1901 பிலடெல்பியா 69.6 லட்சம், 1884 எஸ் 32 லட்சம். மூன்றுமே தேய்ந்த நிலையில் சாதாரணமாகக் கிடைக்கும். எம்.எஸ். 65-இல் மூன்றும் ஆறு இலக்கம். நடுவில் உள்ள ஏ.யு. 58 (ஏ.யு. என்றால் லேசாகப் புழங்கியது), எம்.எஸ். 61, 62 ஆகிய படிகளில் விலை பாய்ந்து பாய்ந்து ஏறும். லேசாகப் புழங்கிய காசுக்கும் புழங்காத காசுக்கும் இடையிலான கோட்டில்தான் பணம் முழுவதும் நிற்கிறது; அந்தக் கோட்டில்தான் ஆளுக்கு ஆள் கருத்தும் மாறும். இவை வேண்டுமென்றால் நேர்மையான ஏ.யு. 53 அல்லது 55 எடுப்பது உத்தமம். ஸ்லாப் இல்லாத 1884 எஸ்ஸை "புழங்காதது" என்று சொல்பவரிடம் பேரமே பேச வேண்டாம்.

## வாங்குமுன், வாங்கியபின்

கிரேடு, அனுப்பும் கூலி, காப்பீடு மூன்றையும் கூட்டினால் விலை குறைந்த காசுக்கு ஸ்லாப் செலவே காசின் விலையை நெருங்கிவிடும். ஆகவே ஸ்லாப் இல்லாத காசை வாங்கி நாமே அனுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு பெரும்பாலும் தேறாது. ஏற்கெனவே ஸ்லாப்பில் இருப்பதையே வாங்குங்கள். ஸ்லாப்பிலும் போலி வருகிறது. சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தின் தழும்புகளைக் கையிலுள்ள காசோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. உண்மையான எண்ணையே போலியில் அச்சடிக்கிறார்கள்.

ஸ்லாப் இல்லாத காசென்றால் எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர், காந்தம் ஒட்டக் கூடாது. எடை அரை கிராம் குறைந்தாலே புழங்காத காசு என்ற பேச்சை விட்டுவிடலாம். நாணயச்சாலை எழுத்தைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள்; 1889 சிசி, 1893 எஸ் போன்றவற்றில் எழுத்தை ஒட்டவைத்த போலிகள் பழைய வழக்கம். நிறம் ஏறிய காசில், நிறம் பிறை வடிவில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தமாக இருந்தால் கித்தான் பையின் கந்தகமும் மேலே கிடந்த அடுத்த காசும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். தழும்பின் பள்ளத்துக்குள்ளும் ஒரே சீராக ஊதாவும் நீலமும் ஏறியிருந்தால் யாரோ சமீபத்தில் செய்தது.

ஒரு காசில் 24.06 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் கிடைப்பது அடித்தளம். அதற்குமேல் கொடுப்பதெல்லாம் அச்சுக்கும் தழும்பின்மைக்கும் கொடுக்கும் பணம். வெள்ளி விலை ஏறும்போது 63, 64 கிரேடுகள் அதோடு சேர்ந்து ஏறும்; 67 அவ்வளவு ஒட்டி நகராது.

வைக்கும் இடத்தில் பி.வி.சி. உறை கூடவே கூடாது; ஓரிரு வருடத்தில் பச்சைப் பிசுக்கு படிந்து வெள்ளியை அரிக்கும். ரப்பர் பேண்டு, செய்தித்தாள், கம்பளித் துணி எதுவும் பக்கத்தில் வேண்டாம்; எல்லாம் கந்தகம் விடும். கடலோர ஊர்களில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மாற்றுங்கள். கறுத்துவிட்டது என்று பல்பொடியோ வெள்ளிப் பாலிஷோ தொட்டால் 66 ஆக இருந்தது அந்த நிமிடமே 'டீட்டெய்ல்ஸ்' ஆகிவிடும். அதன்பின் எந்த நிறுவனமும் அதற்கு எண் போடாது.